ரோட்டுப் பக்கத்துக் களா

போன வாரம் நம் காய் பதப்படுத்தும் யூனிட்டுக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஊறுகாய்க்கு உப்புக் கூடிவிட்டது, வந்து ருசி பாருங்கள் என்று கூப்பிட்டதால் வந்தேன். தரம் பிரிக்கும் மேசையில் புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர் நின்றிருந்தீர்கள். உங்களில் ஒருவர் ஒரு கைப்பிடி காயை அள்ளிக் காட்டி, "மேடம், இந்த லாட் செர்ரி எல்லாம் நல்லா வெள்ளையா வந்திருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். என் ஊர் உறுவையாற்றுக்குத் திரும்பி வந்து இரண்டு நாள் ஆகியும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது செர்ரி இல்லை. களாக்காய். பேக்கரிக்காரர் அதை வெளுக்க வைத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, கேக்கின் உச்சியில் உட்கார வைத்த பிறகு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஊரை ஏமாற்றுவது அவர் பாடு. நம் மேசையில் இருக்கும்வரை அதற்குக் களா என்றுதான் பெயர். அதைப் பறித்து அனுப்பியவள் கையில் முள் கீறின கோடு இருக்கும். காம்பைக் கிள்ளும்போது வடியும் பால் விரலில் ஒட்டி, எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. செர்ரி என்று சொல்லும்போது அவள் காணாமல் போய்விடுகிறாள். எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான்.

நான் ஒன்றும் தெரிந்துகொண்டே பிறந்தவள் இல்லை. முதன்முதலில் நாற்றங்கால் வேலையில் சேர்ந்த வருடம், பழுத்துக் கறுத்த களாப்பழத்தைப் பிசைந்து விதை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். எங்கள் வீட்டில் விதை என்றால் நெல்தான். நெல்லை என்ன செய்வோம்? நன்றாகக் காய வைத்து, சாம்பல் கலந்து, பானையில் போட்டுக் கட்டி வைப்போம். அதையே இதற்கும் செய்தேன். ஐந்து நாள் ஆடி வெயிலில் முறம் முறமாகக் காய வைத்தேன். பத்திரமாக எடுத்து வைத்த பெருமையில் ஒரு மாதம் கழித்து விதைத்தேன். ஒரு பாத்தியில்கூடத் தலை காட்டவில்லை. களா விதை ஈரத்தோடு மண்ணுக்குப் போக வேண்டும். காய வைத்தால் செத்துப்போகும். அந்த வருடம் நாற்று கேட்டு வந்தவர்களை எல்லாம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம். நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனாலும் அந்தத் தப்பைப் பற்றி எனக்கு இன்று வருத்தமில்லை. தெரியாமல் செய்தேன், செத்தது விதை. தெரிந்தே செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்கள் கொள்முதல் படிவத்தில் "வேலியின் மொத்த விளைச்சல்" என்று ஒரு வரி அச்சடித்திருப்பதைப் பார்த்தேன். இன்னும் அதை எடுக்கவில்லை. அந்த வரியில் முதன்முதலாகக் கையெழுத்து வாங்கியவள் நான்.

பாகூர் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். தார் ரோட்டை ஒட்டி ஒரு கரும்புக் கழனி. அது தனகோபால் என்பவருடைய குடும்பத்துச் சொத்து. மாடும் பன்றியும் புகுந்து கரும்பை நாசம் செய்துகொண்டிருந்தன. நம் யூனிட் அப்போதுதான் விவசாயிகளுக்குக் களா நாற்றுக் கொடுத்து வேலி போட வைத்து, காயைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. அந்த ரோட்டோரம் கயிறு கட்டி, இடம் குறித்து, நாற்று நட்டது நான். தனகோபாலின் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். களா பக்கவாட்டில் விரிந்து நிழல் கட்டும், வரப்புக்குள்ளே நட்டால் ஒரு வரிசைக் கரும்பு வீணாகும் என்று அவருக்குக் கவலை. சர்வே கல்லுக்கு உள்ளே நான் கட்டின கயிற்றைப் பார்த்துவிட்டு, "ரெண்டு எட்டு அந்தாண்ட தள்ளிப் போடும்மா. ரோடு இன்னா ஓடியா பூடும்?" என்றார். நான் தள்ளிப் போட்டேன். கல்லுக்கு வெளியே, ரோட்டைச் சேர்ந்த கொம்யூன் பஞ்சாயத்து நிலத்தில்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் காலனி. கழனி வேலைக்குப் போகிற குடும்பங்கள். பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போவார்கள், பாதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அவர்கள் சும்மா விடவில்லை. ரோடு குறுகிவிடும், பிள்ளைகள் காலில் முள் ஏறும் என்று சண்டைக்கு வந்தார்கள். ஒரு மத்தியானம் முழுக்கச் சத்தம். கடைசியில் நின்ற இடத்திலேயே ஒரு பேச்சு முடிந்தது. கழனிப் பக்கம் காய்ப்பது கழனிக்காரருக்கு. ரோட்டுப் பக்கம் காய்ப்பது காலனிக்கு. ரோட்டுப் பக்கம் நீள்கிற கிளையை வெட்டி ஒழுங்காக வைத்துக்கொள்வதும் காலனியின் வேலை. யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயம் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஆனியும் ஆடியும் வந்தால் பெண்கள் வாளியும் சாக்குமாகக் கிளம்பிவிடுவார்கள். ரோட்டுப் பக்கம் கைக்கு எட்டுவதைப் பறிப்பார்கள். கிளையை வளைத்து இழுத்தால் கழனிப் பக்கத்துக் காயும் வரும். வந்தாலும் அதைத் தொடாமல் கிளையை விட்டுவிடுவார்கள். நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வீட்டுக்கு ஊறுகாய் போட்டுக்கொண்டு, மீதியை என் டிவிஎஸ் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவர்கள் வெட்ட வெட்டத்தான் அந்த வேலி அடர்ந்தது. கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாத அந்த வேலியை வளர்த்தவர்கள் அவர்கள். தனகோபால் குடும்பத்தில் ஒருவரும் அதற்கு அரிவாள் பிடித்தது கிடையாது.

அப்புறம் யூனிட்டுக்குப் புது மேனேஜர் வந்தார். முப்பது பெண்களிடம் முப்பது சாக்கு வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேலிக்கு ஒருவர், ஒரே கையெழுத்து, ஒரே எடை என்றார். படிவம் அச்சடித்துக் கொடுத்தார். "வேலியின் மொத்த விளைச்சல்." எனக்குத் தெரியும், அந்த வேலியின் மொத்தம் தனகோபாலுடையது இல்லை என்று. ஊரில் என்னைவிட அதை நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. காகிதம் ஆபீசுக்கு, ரோட்டில் நடப்பது நடந்துகொண்டிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு தனகோபாலிடம் கையெழுத்து வாங்கினேன். எனக்கும் வேலை குறைகிறதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

தனகோபால் படிவத்தைப் படித்தார். நாம்தான் படிக்கமாட்டோம், அவர்கள் படிப்பார்கள். அடுத்த வாரம் வேலியில் ஒரு போர்டு தொங்கியது. காய் பறிக்கத் தடை, மீறினால் போலீஸ்.

லூர்துமேரி என்று காலனியில் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். கழனி வேலைக்குப் போவாள், பறிப்பில் அவளுக்கு ஈடு கிடையாது. காம்பு ஒடியாமல், பால் காயில் வழியாமல் பறிக்கத் தெரிந்தவள். ரோட்டில் என் வண்டியை நிறுத்திக் கேட்டாள்.

"யக்கா, போர்டு வச்சிக்கிறாங்களே. இந்த வருசம் பறிக்கலாமா, வாணாமா?"

நான் வண்டியை அணைக்கக்கூட இல்லை. "போர்டுதானே மேரி. நீ வருஷா வருஷம் பறிக்கிற மாதிரி பறி. யார் இன்னா கேக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அவள் பறித்தாள். மகள் ஸ்டெல்லாவும் கூடப் போனாள். தனகோபால் செல்போனில் வீடியோ எடுத்தார். ஆள் வைத்துச் சாக்கைப் பிடுங்கினார். வேலி முடிகிற இடத்துச் சந்து வழியாகக் கழனிக்குள் நுழைந்து உள்பக்கத்தை உருவிவிட்டார்கள் என்று இரண்டு பேர்மீதும் புகார் எழுதிக் கொடுத்தார்.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தொரு வயது. விடியற்காலையில் அதே ரோட்டில் ஓடி ஓடிப் பழகி, போலீஸ் வேலைக்குப் பரீட்சையும் ஓட்டமும் தாண்டலும் முடித்து, பட்டியலில் பெயர் வந்திருந்தாள். காலனியில் முதல் ஆள். நடத்தை விசாரணை மட்டும்தான் பாக்கி. திருட்டு என்று ஒரு கேஸ் பெயருக்கு எதிரில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். பின்னால் பொய் கேஸ் என்று நிரூபித்தாலும் அந்த வேலை காத்துக்கொண்டிருக்காது. இது தனகோபாலுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மகள் பெயரை முதலில் எழுதியிருந்தார்.

யூனிட்டில் காயைப் பற்றித் தெரிந்தவரை அனுப்புங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. நான் போனேன். ஸ்டேஷன் படியேறும்போது மேனேஜர் போனில் கூப்பிட்டார். "தனகோபால் நமக்குப் பெரிய பார்ட்டி மேடம். எதுலயும் சிக்கிக்காதீங்க. நியூட்ரலா இருங்க" என்றார். அந்த வார்த்தையை அப்போது நான் ஏதோ மரியாதையான வார்த்தை என்று நினைத்தேன்.

எஸ்.ஐ. நியாயமான மனுஷர். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேசைமேல் பேப்பர் விரித்து, சாக்கை அதில் கொட்டச் சொன்னார். பெஞ்சில் மேரியும் ஸ்டெல்லாவும். நாற்காலியில் தனகோபால்.

"ரோட்டோரம் நின்னு கை நீட்டிப் பறிச்சதுக்கெல்லாம் நான் கேஸ் எழுத மாட்டேன். இந்த ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். கழனிக்குள்ள பூந்து பறிச்சிருந்தா அது வேற" என்றார் அவர். என்னைப் பார்த்தார். "நீங்க இந்தக் காயிலயே ஊறினவங்கன்னு சொல்றாங்க. பாத்து சொல்லுங்கம்மா. இது எந்தப் பக்கத்துக் காய்?"

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் ரோட்டுப் பக்கம் திறந்த வெளி, கழனிப் பக்கம் ஆளுயரக் கரும்பு. ரோட்டுப் பக்கம் வெயில் முழுதாக விழும். அந்தப் பக்கத்துக் காயில் ஒரு கன்னம் சிவந்திருக்கும். கழனிப் பக்கத்துக் காய் நிழலில் வளர்வது, வெளிறி இருக்கும். நம் மேசையில் சாயத்துக்கு வெள்ளைக் காய், ஊறுகாய்க்குச் சிவந்த காய் என்று நாம் பிரிக்கிறோமே, அதே வித்தியாசம்தான். அந்த வேலையை நான் முப்பது வருடம் செய்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பேப்பரில் கொட்டிக் கிடந்தது கன்னம் சிவந்த காய். ஒன்றிரண்டு தவிர எல்லாம் ரோட்டுப் பக்கம்.

மேரி என்னைப் பார்த்தாள். பறிக்கச் சொன்னவளே இவள்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. என்னை மாட்டிவிட வேண்டாம் என்று நினைத்தாள்போல. இவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், எதற்கு அந்தப் பேச்சு என்றும் நினைத்திருக்கலாம்.

நான் சொன்னேன்: "காயப் பாத்து எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது சார்."

பொய் சொன்னதாகக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் பேசிவிட்டேன் என்று ஒரு நிம்மதி. வெட்கமாக இருக்கிறது எழுத. யாருக்கும் சாயாத பதில் என்று ஒன்று அந்த அறையில் இல்லவே இல்லை. நான் முடியாது என்ற அந்த நொடியே பதில் தனகோபால் பக்கம் போய்விட்டது.

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார். "அப்ப எனக்கு வேற வழி இல்ல. நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் பாக்கறேன். பேசி முடிச்சிக்கினு வந்தா சரி. இல்லன்னா எழுதிடுவேன்" என்றார்.

வெளியே வந்தோம். மேரி முன்னால் நடந்தாள். ஸ்டெல்லா நின்றாள்.

"ஆண்ட்டி, யூனிட்டுல ஒரு காய எடுத்துப் பாத்துட்டு இது எந்த வேலின்னு சொல்லுவீங்களே. நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல பாத்துகிறேனே."

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். வேறு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அதைத்தான் செய்தேன்.

அன்று ராத்திரி தூங்கியதாக ஞாபகமில்லை. காலையில் எட்டு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போனேன். நேற்றுத் தப்பாகச் சொல்லிவிட்டேன், அது ரோட்டுப் பக்கத்துக் காய்தான், சிவப்பைப் பார்த்தே சொல்லலாம் என்றேன். எஸ்.ஐ. கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து எல்லார் முன்னாடியும் முடியாதுன்னீங்க. இன்னிக்கு முடியும்ங்கறீங்க. அவர் வக்கீலக் கூட்டிக்கினு வந்து, ராத்திரில இந்தம்மாவுக்கு எப்படிக் கண்ணு தெரிஞ்சிதுன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க."

என் முப்பது வருட வேலையை நானே முந்தின நாள் அந்த மேசையில் கொட்டிவிட்டு வந்திருந்தேன். இனி காயை வைத்துப் பேச முடியாது. என்னிடம் மிச்சம் இருந்தது நிலம் மட்டும்தான்.

கவனியுங்கள். இந்த இடத்தில் நான் தனகோபால் வீட்டுக்குப் போயிருக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உங்க அப்பா எங்க நடச் சொன்னார்னு எனக்குத் தெரியும், புகாரை வாங்கிக்கோங்க" என்று நான்கு சுவருக்குள் சொல்லியிருக்கலாம். அவர் முட்டாள் இல்லை, புரிந்துகொண்டிருப்பார். ஆனால் எனக்கு அப்போது தலைக்கேறின கோபம். அவர்மேல் பாதி, என்மேல் பாதி. என்மேல் இருந்ததையும் சேர்த்து அவர்மேல் காட்டப் புறப்பட்டேன்.

யூனிட்டுக்குப் போய் அளவு நாடாவை எடுத்தேன். ஒரு மண்வெட்டி எடுத்தேன். நேராக அந்த ரோட்டுக்குப் போய், வேலிக்கு உள்பக்கம் இறங்கி, சர்வே கல்லைத் தேடினேன். புல்லில் மூழ்கிக் கிடந்தது. புல்லைச் செத்திக் கல்லை வெளியே தெரிய வைத்தேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், டீக்கடைக்காரர், காலனி மொத்தமும் கூடிவிட்டது. நாடாவின் ஒரு முனையைக் கல்மேல் வைத்து ஒருத்தியைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைக் களாவின் அடித்தண்டில் வைத்தேன். தனகோபால் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா பண்ற? யார் கழனில யார் அளக்கறது?"

"உங்க கழனி இங்க முடியுது. செடி அங்க நிக்குது. நாலு அடி. உங்கப்பா சொல்லி நான்தான் நட்டேன். இந்தாண்டயும் உங்களுது இல்ல, அந்தாண்டயும் உங்களுது இல்ல. யாரு திருடினதுன்னு சர்வேயரக் கூப்ட்டு அளப்போமா?"

கூட்டம் சிரித்தது. சின்னச் சிரிப்பு இல்லை. டீக்கடைக்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது. முந்தின நாள் கோழைத்தனமெல்லாம் கழுவிப் போனதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

தனகோபால் புல்லட்டை உதைத்துக் கிளப்பினார். வண்டியைத் திருப்பினார். ஒன்பதே முக்காலுக்கு ஸ்டேஷனில் புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லாவின் பெயர் எங்கும் ஏறவில்லை. காலனியில் என்னை நிற்க வைத்துக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஜேசிபி வந்தது.

நான் ஓடினேன். ஒரு முனையிலிருந்து வேலியை வேரோடு தூக்கித் தூக்கி ரோட்டில் போட்டுக்கொண்டே வந்தது. காயோடு, பூவோடு. இருபது வருடத்துக்கு மேல் வளர்ந்த வேலி, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தனகோபால் வரப்பில் குடை பிடித்து நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கொம்யூன் இடத்துல கீதுன்னு நீதானம்மா அளந்து காட்ன. ஆக்கிரமிப்ப எடுத்துட்டேன். கேஸ் போடணும்னா போட்டுக்கோ."

அவர் பேச்சில் சட்டப்படி ஒரு குறையும் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் சரியாகச் சர்வே கல்லின்மேல் முள்கம்பி இழுத்தார். முள்கம்பி காய்க்காது.

நம் மேனேஜர் அந்த வேலியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வேறு இரண்டு வேலியைச் சேர்த்தார். அதே படிவம், அதே வரி. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஸ்டெல்லா வேலையில் சேர்ந்தாள், நன்றாக இருக்கிறாள். எங்காவது எதிரில் பார்த்தால் மரியாதையாகத் தலையசைப்பாள். நின்று பேசமாட்டாள். காலனிப் பெண்கள் களாக்காய் ஊறுகாயைக் கடையில் பாக்கெட் வாங்குகிறார்கள். நம் பாக்கெட்தான். அதில் சிவப்பாக அச்சடித்திருக்கிறோம், கிராமத்துக் கைப்பக்குவம் என்று. பார்க்கும்போதெல்லாம் கிழித்துப் போடலாமா என்று வரும்.

புதிதாக வந்திருக்கிற நீங்கள் நாளைக்கே இப்படி ஒரு மேசையின் முன்னால் நிற்பீர்கள். காயைக் கொட்டிவிட்டு, தெரிந்ததைச் சொல் என்பார்கள். அப்போது போன் வரும், நியூட்ரலாக இரு என்று. உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில், கேட்ட அளவுக்குச் சொல்லிவிடுங்கள். அன்று அந்தக் காய்க்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்த நாள் அதற்குப் பதிலாக நாலடி நிலம் தேவைப்பட்டது, ஊர்க்கூட்டம் தேவைப்பட்டது, ஒரு மனிதனை நடுரோட்டில் வைத்துச் சிரிக்க வேண்டியிருந்தது. உண்மை அதேதான். ஒரு நாள் தள்ளிச் சொன்னதால் அது யாரையாவது அடிக்காமல் வெளியே வரவில்லை. துணிச்சலான பொம்பளை என்று இன்றும் அந்தப் பக்கம் என்னைப் பற்றிச் சொல்கிறார்களாம். கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

அந்த வரியை அடியுங்கள். மேனேஜர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலிக்கும் எந்தப் பக்கம் யாருடையது என்று போய்க் கேட்டு எழுதுங்கள். வண்டியை அணைத்துவிட்டு, இறங்கிக் கேளுங்கள்.

அந்தச் சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜேசிபி போன பிறகு காலனிப் பெண்கள் ரோட்டில் கிடந்த களாவின் நடுவே உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் கலந்து கிடந்தது. இனி எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியதில்லை. மேரியும் இருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாய்ந்து கிடந்த கிளையிலும் அதே நிதானத்தோடு, காம்பு ஒடியாமல் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். பெண் தப்பித்தாளே என்று நான்கு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பொண்ணு பேரு தப்பிச்சிது. அதுக்கு உனுக்குப் புண்ணியம்" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். கொஞ்ச நேரம் பறித்தாள். "நேத்து அந்தச் சாக்கக் கொட்டினாங்களே. அப்பவே ரோட்டுப் பக்கத்துக் காய்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, பொண்ணும் தப்பிச்சிருக்கும், வேலியும் நின்னுகினு இருக்கும். இல்லக்கா?"

நான் அவள் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுக்கா" என்றாள். "காய மிதிக்கிற."